எங்கே என்று கேட்கும் வேலை

பெர்னார்டுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று எதுவும் கிடையாது. பங்களா கேட்டானா, படகு மாதிரி கார் கேட்டானா? விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் மனுஷன் கேட்டது. அதற்குப் போய் இவ்வளவு பாடு.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவனிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வான். நாலு மணிக்கு அலாரம். நாலரைக்கு பஸ். அப்புறம் இரண்டு நாட்டுக்கும் நடுவே கடல்மேல் பாலம். அந்தப் பாலத்தின் மேல் நகராத பஸ்ஸில், முகம் தெரியாத ஆள் தோளில் தூங்கி வழிந்தே பெர்னார்ட் பாதி ஆயுளைத் தொலைத்திருந்தான். மகள் ஜெரால்டினுக்குப் பதின்மூன்று வயது, மத்தியானப் பள்ளி. அவன் கிளம்பும்போதும் தூங்குவாள், ராத்திரி வரும்போதும் தூங்கியிருப்பாள். வார நாளில் அவளைக் கண் திறந்த நிலையில் பார்த்த ஞாபகமே அவனுக்கு இல்லை.

சிங்கப்பூரில் அவன் பார்த்தது, ஒரு சரக்குக் கம்பெனியில் சாமான் வெளிநாடு போகலாமா கூடாதா என்று சொல்லும் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காத சொந்தக்காரன் கிடையாது. வேலைதான், லேசுப்பட்ட வேலையும் இல்லை. சில சாமான் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். ஒரு வால்வு, ஒரு பம்ப், அவ்வளவுதான். நல்லவன் கைக்குப் போனால் உரத் தொழிற்சாலையில் உட்காரும். கெட்டவன் கைக்குப் போனால் விஷவாயு காய்ச்சும். அதனால் அனுப்புவதற்கு முன்னால், எங்கே போகிறது, கடைசியில் யார் கையில் நிற்கும், எதற்கு என்று கேட்டு, தேவைப்பட்டால் அரசாங்கத்திடம் பெர்மிட் வாங்கவேண்டும். சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்தப் பாதிப் பேருக்காகத்தான் புத்ராஜெயாவில் ஒரு மலேசிய அரசாங்க இலாகா டெண்டர் விட்டது. ஜொகூரில் இருக்கும் சின்னச் சின்ன ஏற்றுமதிக்காரர்களிடம் போய், கேட்க வேண்டியதைக் கேட்டு, சட்டப்படி நடக்க உதவி செய்ய ஒரு கம்பெனி வேண்டுமாம். மூன்று வருஷக் கான்ட்ராக்ட். விளம்பரத்தைப் பார்த்த அன்றே பெர்னார்ட் வேலையை விட்டான். கூட வேலை பார்த்த வாசுகியும் விட்டாள். தெப்ராவில் டயர் கடைக்கு மேல்மாடி, இரண்டு மேசை, காகிதத்தில் குத்த, கம்பெனி பேர் போட்ட ரப்பர் சாப். ஆயிற்று, கம்பெனி.

பெர்னார்டின் மனைவி ஐலீன் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்.

"டெண்டர் கிடைக்கலன்னா மறுபடியும் சிங்கப்பூர். மிஸ்டர் தியோ உங்க நாற்காலிய காலியா வச்சிருக்காராம். அடுத்த மாசம் முதல் தேதி வரைக்கும்தான் வச்சிருப்பாராம். வீட்டுக் கடனுக்கு உங்க தூக்கத்தப் பத்தி அக்கற இல்ல."

சொல்வதில் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் தொந்தரவு.

கடைசிச் சுற்றுக்கு நாலு கம்பெனி தேறியது. மற்ற மூன்றும் கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவை. கடைசிச் சுற்றில் பேச்சு கிடையாது, செய்து காட்டவேண்டும். நிஜமான ஏற்றுமதிக்காரர் ஒருவரின் பேக்டரிக்குப் போய், இலாகாவின் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, நிஜமாகவே கேள்வி கேட்டு உதவ வேண்டும். பேக்டரியை அவரவர் பிடித்துக்கொள்ளலாம்.

"எங்க மாமா இருக்காருல்ல," என்றாள் வாசுகி.

வாசுகியின் தாய்மாமன் ஐயாசாமி தெப்ராவிலேயே வால்வு செய்யும் பேக்டரி வைத்திருந்தார். அமிலம் ஓடும் குழாய்களுக்குப் போடும் விசேஷ உலோக வால்வு. அறுபது வயது, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய அதிகாரம். மருமகள் கேட்டால் மாட்டேன் என்பாரா? சரி என்றார். மூவரும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். மேசைமேல் மாதிரிக்கு ஒரு பெட்டி. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் இருக்கும் ஒரு உரக் கம்பெனிக்குப் போவதாக எல்லாப் பேப்பரும் சுத்தம். பெர்னார்ட் கேட்பான், ஐயாசாமி பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு சொல்வது மாதிரி கடகடவென்று ஒப்பிப்பார். "இது எங்கே போகிறது?" "பாத்தாம்." "யார் உபயோகிப்பார்கள்?" "உரக் கம்பெனி." அடுத்து என்ன கேட்பான் என்று தெரிந்து அதற்கும் பதில் சொல்லிவிடுவார்.

"மெதுவா, மாமா. கேட்டதுக்கப்புறம் சொல்லுங்க," என்று வாசுகி தலையில் அடித்துக்கொண்டாள்.

இவ்வளவு ஒத்திகை பார்த்த புத்திசாலிகள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். செய்து காட்டவேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் அந்த பேக்டரியில் வேறு ஏதாவது நடக்கிறதா என்று கேட்கவில்லை. ஐயாசாமியும் சொல்லவில்லை. கிளம்பப் போகிற சாமானைப் பற்றி முன்கூட்டிப் பேசுவது அவர் வழக்கமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்கு வரவேண்டிய அதிகாரி ஜாமில் மாட்டிப் பத்து மணிக்குத்தான் வந்து இறங்கினார். பேர் செல்வராணி. ஐம்பது வயது, மாம்பழக் கலரில் மலாய் உடையான பாஜு கூரோங், சின்னதாகப் பொட்டு, கையில் குடை.

"நான் பார்வையாளர். வாயத் திறக்க மாட்டேன். நான் இல்லாத மாதிரியே நடந்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, இல்லாத ஆள் மாதிரி இல்லாமல், பேக்டரி வாசலின் நட்டநடுவில் குடையை விரித்து நின்றார்.

அங்கேதான் லோரி நின்றிருந்தது. ஆறு மரப்பெட்டி ஏற்றி, கயிறு கட்டி, முன்னால் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயாசாமி சூடம் காட்டிக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் லோரி கேட்டைத் தாண்டியாக வேண்டும்.

"புவான், ஆபீசுக்குள்ள போயிடலாம். சாமான் அங்க இருக்கு," என்றான் பெர்னார்ட். அதிகாரியம்மாவுக்கு மலாயில் புவான்.

செல்வராணி லோரியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "இது என்ன சாமான்?"

"இதுவும் வால்வுதான்," என்றார் ஐயாசாமி பெருமையாக. "முதல் பெரிய வெளிநாட்டு ஆர்டர்."

"நிஜமான லோரி நிக்கும்போது எதுக்கு ஆபீசு? இங்கேயே செய்ங்க. இப்போ நான் பேசல." அவர் வாயை மூடிக்கொண்டார்.

பெர்னார்டுக்கு வியர்த்தது. இந்த ஆர்டரைப் பற்றி அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. வாசுகியைப் பார்த்தான். அவள் கண்ணில் அதைவிடப் பெரிய பயம் தெரிந்தது. ஏன் என்று அவனுக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. இலாகாவுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த வேலைமுறையில் முதல் கேள்வியே எங்கே போகிறது என்பதுதான். ஐயாசாமி கிளம்பிக்கொண்டிருக்கிறார். கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? நம்ம வீட்டில் பால் பாக்கெட் வாங்கக் கிளம்புகிறவனைக்கூடக் கேட்க மாட்டோம். ஐயாசாமியிடம் கேட்டால் கேட்டவன் கதி அதோகதி. போன வருஷம் புதிதாகச் சேர்ந்த, கணக்கெழுதும் கிராணி ஒருவன், லோரி கிளம்பும்போது எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். அவன் இப்போது வேறெங்கோ வேலை பார்க்கிறான்.

பெர்னார்ட் மாதா கோயிலுக்குப் போகிறவன்தான். அதற்காக இது தெரியாதா? அவன் அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே, எங்கே என்று கேட்ட பிள்ளைகளின் தலையில் குட்டியவள். சுற்றி வளைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தான்.

"தூரமாண்ணே?"

"தூரந்தான், தம்பி." ஐயாசாமி சூடத்தை லோரி டிரைவர் அஸ்மானிடம் நீட்டினார். அஸ்மான் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கினான்.

"தண்ணி தாண்டியா?"

"தாண்டும்."

"ரொம்பத் தாண்டுமா?"

"தாண்டுற வரைக்கும் தாண்டும்."

"அந்தப் பக்கம் குளிருங்களா?"

ஐயாசாமி திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வால்வு, தம்பி. அதுக்குக் குளிராது."

செல்வராணி பேனாவை மூடியில் செருகினார். மூடியில் செருகிய பேனா எதையும் எழுதாது என்பது பெர்னார்டுக்குத் தெரியும். அஸ்மான் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினான். சக்கரம் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு நிமிஷத்தில் லோரி போய்விடும். லோரியோடு கான்ட்ராக்டும் போய்விடும். நாலு மணி அலாரம் திரும்பி வந்துவிடும்.

போகட்டும். வருவது வரட்டும்.

"அண்ணே," என்றான் பெர்னார்ட். குரல் அவனுக்கே கொஞ்சம் உச்சத்தில் கேட்டது. "இந்த லோரி எங்க போகுது?"

பேக்டரியே நின்றுவிட்டது. உள்ளே கடைசல் மிஷினில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். முதலில் அசைந்தது அஸ்மான்தான். பத்து வருஷமாக ஐயாசாமியிடம் லோரி ஓட்டுகிறவன், எஞ்சினை அணைத்தான்.

"அலமாக்," என்றான் மெதுவாக, ஐயையோ என்பது மாதிரி. இறங்கி, தானாகவே கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"இறக்கு," என்றார் ஐயாசாமி.

"எல்லாத்தையுமா, பொஸ்?"

"எல்லாத்தையும் இறக்கு. எல்லாரும் உள்ள வந்து உட்காரு. தண்ணி குடி."

எங்கே என்று கேட்டுவிட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். அஸ்மான் குடித்தான். பார்வையாளர் செல்வராணிக்கும் ஒரு டம்ளர் போனது, அவரும் மறுக்காமல் குடித்தார். ஐயாசாமி ஒரு பக்கெட் தண்ணீரோடு வெளியே போய், லோரியின் மூடியைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றினார். லோரியும் கிளம்பின ஆள்தானே. அவர் கைகழுவிவிட்டு நிமிர்ந்தபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது.

"ராகு காலம்," என்றார். "பன்னெண்டு வரைக்கும் ஒரு துரும்பு நகராது."

"பன்னெண்டுக்கு நான் ஜும்ஆ தொழுகைக்குப் போகணும், பொஸ்," என்றான் அஸ்மான். "வர ரெண்டரையாகும்."

ஐயாசாமி பெர்னார்டைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

பெர்னார்ட் இறக்கி வைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஒரு வாய் வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையில் உதவ வந்த மனுஷனின் வாசலில் சகுனத்தைக் கெடுத்து, லோரியை நிறுத்தி, அதிகாரியையும் உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்க வைத்தாயிற்று. கோலாலம்பூர் கம்பெனிக்காரன் எவனாவது இப்படிச் செய்வானா? பக்கத்தில் வந்து உட்கார்ந்த வாசுகி அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஏண்ணே, கேட்டதுதான் கேட்டீங்க. மிச்சத்தையும் கேளுங்க. இப்ப அவரு கிளம்பல. சாமான் கீழ இருக்கு."

அட, ஆமாம். பெர்னார்ட் எழுந்தான். போகாத லோரியைப் பற்றி எங்கே என்று கேட்டால் சகுனத்தில் சேராது.

ஐயாசாமி ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெர்னார்ட் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். செல்வராணி நாற்காலியை ஓரடி பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். பார்வையாளருக்குக் காதும் உண்டு.

"அண்ணே, நம்ம கஸ்தூரிய சிகாமட்ல கொடுத்தீங்கல்ல. அதுக்கு முன்னாடி எத்தன தடவ முடி வெட்டினீங்க?"

ஐயாசாமியின் முறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. மகள் கல்யாணத்துக்கு முன் அவர் மாப்பிள்ளையின் குடியிருப்புத் தாமானுக்கே போய், அங்கிருந்த முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்தது ஊரறிந்த கதை. ஒரு தடவை போதவில்லை என்று மறுபடி மறுபடி போனார். நிச்சயதார்த்தப் படங்களில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருக்க, நடுவில் இவர் மொட்டைத் தலையோடு நிற்பார்.

"பொண்ணக் கொடுக்கிறோம். விசாரிக்காம கொடுக்க முடியுமா?"

"இந்த வால்வு யாரு செஞ்சது?"

"யாரு செஞ்சதா? இந்த மாதிரி வால்வு தென் ஜொகூர்ல வேற எவன் செய்வான்?"

"அப்ப இது எந்த வீட்டுக்குப் போகுதுன்னு விசாரிச்சீங்களா?"

"ஜேசன்னு ஒரு புரோக்கர். நல்லா பேசுறான். பணத்த முன்னாடியே அனுப்பிட்டான்."

"புரோக்கர் நல்லா பேசினான்னா கஸ்தூரிய கொடுத்தீங்க?"

ஐயாசாமி வெறும் வெற்றிலை மென்றவர் மாதிரி தாடையை அசைத்தார். பிறகு, "அந்த போன எடு," என்றார் வாசுகியிடம். "ஸ்பீக்கர்ல போடு. பன்னெண்டு வரைக்கும் சும்மாதானே இருக்கேன்."

ஜேசன் சந்தோஷமாகத்தான் போனை எடுத்தான். "அங்கிள், லோரி கிளம்பிடுச்சா?"

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் ஐயாசாமி மலாயில். பெண் வீட்டுக்காரர் குரல் வந்துவிட்டது. "அவங்க சொந்தக் கட்டடமா, வாடகையா?"

"யாரு, அங்கிள்?"

"என் வால்வ வாங்குறவங்க. என்ன தொழில்? எத்தன வருஷமா? கூட எத்தன பேரு? முன்னாடி யாருகிட்ட வால்வு வாங்கினாங்க, ஏன் விட்டாங்க?"

"அங்கிள், போன வாரம் வரைக்கும் நீங்க விலையத் தவிர ஒண்ணும் கேக்கலியே."

"போன வாரம் நேரமில்ல. அட்ரஸ் சொல்லு."

ஜேசன் இழுத்து இழுத்து ஒரு அட்ரஸ் சொன்னான். பாதியில் லைன் சரியில்லை என்றான், பிறகு லைன் சரியாகிவிட்டது என்றான். வாசுகி அதைப் போனில் தட்டித் தெருப்படம் எடுத்தாள். வெளிநாட்டு ஊர் ஒன்றில் ஒரு குறுகலான சந்து. அந்த நம்பரில் ஒரு லாண்டரிக் கடை. வாசலில் வரிசையாக ஏழெட்டு துவைக்கும் மிஷின். பெர்னார்ட் அதை ஐயாசாமி முகத்துக்கு நேராகப் பிடித்தான். செல்வராணி எட்டிப் பார்த்தார், பிறகு எட்டிப் பார்க்காத மாதிரி நிமிர்ந்துகொண்டார்.

"லாண்டரிக்கு எதுக்கு அமில வால்வு?" என்றார் ஐயாசாமி.

"அது வெறும் அட்ரஸ்தான், அங்கிள். அங்கேருந்து வேற இடத்துக்குப் போயிடும்."

"வேற எந்த இடம்?"

"அது எதுக்கு நமக்கு? நீங்க இன்னைக்கே ஏத்துங்க, ஒரு பங்கு கூடப் போட்டுத் தரேன். அப்புறம், பேப்பர்ல வால்வுன்னு எழுதாதீங்க. கஸ்டம்ஸ்ல வீணா கேப்பான். பாத்ரூம் பைப்புன்னு எழுதிடுங்க."

இந்த இடத்தில் பெர்னார்டுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இப்படிப்பட்ட பேச்சுதான் அவன் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின் முதல் பக்கம். ஆள் யாரென்று சொல்ல மாட்டான், அவசரப்படுத்துவான், பேரை மாற்றச் சொல்வான். இதை ஐயாசாமிக்கு எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள், ஐயாசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன பைப்பு?"

"பாத்ரூம் பைப்பு, அங்கிள். சும்மா பேருக்கு."

"நான் செஞ்ச வால்வு உனக்கு பாத்ரூம் பைப்பாடா?"

அதற்குப் பிறகு அவர் பேசியது மலாயும் தமிழும் பழைய எஸ்டேட் பாஷையும் கலந்தது. அதில் நல்ல வார்த்தை மிகக் குறைவு. லாண்டரியைக்கூட அவர் மன்னித்திருப்பார் போல. இதை மன்னிக்க மாட்டார். பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள், இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த போன் வாசுகியுடையது. பாவம், மூலையில் விரிசல் விட்டுவிட்டது.

ஐயாசாமி வெளியே போய், இறக்கி வைத்த பெட்டி ஒன்றைத் திறந்து, ஒரு வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெர்னார்ட் பக்கத்தில் போய் நின்றான்.

"இது எங்கதான் போயிருக்கும், தம்பி?"

"தெரியல, அண்ணே. நல்ல இடத்துக்கு இல்ல."

பெரியவர் வால்வை வேட்டியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போவதற்கு முன் செல்வராணி, சட்டப்படி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்றார். ஏற்றுமதிக்காரரிடம் அபிப்பிராயம் கேட்கவேண்டும். "இவங்க சேவை எப்படி இருந்துச்சு, ஐயா?"

பெட்டிமேல் உட்கார்ந்த மனுஷன் போய், பழைய ஐயாசாமி வந்துவிட்டார். "எப்படியா? கிளம்புற நேரத்துல எங்கன்னு கேட்டான். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். பாத்தீங்களா, என்ன ஆச்சு? சாமான் போகல. ஆர்டரும் போச்சு. இவன் வாய் அப்படி. இவன் கேட்டா ஒரு சாமானும் நாட்ட விட்டுப் போகாது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

செல்வராணி பேனாவை எடுத்து ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். குடையை மடக்கிக் காரில் ஏறினார். வாசுகி, "தூரமா, புவான்?" என்று மரியாதைக்குக் கேட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"முடிஞ்சிச்சு," என்றான் பெர்னார்ட்.

முடிந்ததுதான். ஒரு வாரம் ஓடியது, இரண்டு வாரம் ஓடியது, இலாகாவிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. டெண்டர் முடிவு வந்த பாடில்லை, முதல் தேதி மட்டும் ஒழுங்காக வந்து நின்றது. அவன் பழைய முதலாளி மிஸ்டர் தியோவுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றான். அலாரத்தை நாலு மணிக்கு வைத்தான். ஐலீன் எதுவும் சொல்லாமல் அவன் சட்டையை இஸ்திரி போட்டாள். சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

திங்கட்கிழமை. பஸ் வழக்கம்போலப் பாலத்தின் நடுவில் நின்றது. பக்கத்து சீட் ஆள் வழக்கம்போல இவன் தோளில் சாய்ந்தான். ஆள் மாறினாலும் தோள் இதுதான் என்று பெர்னார்ட் கசப்போடு நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாசுகி.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாலத்துல."

"ஐயோ. இறங்குங்க."

"பாலத்துலேருந்து எங்க இறங்குறது? கடல்லயா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே வெப்சைட்ல போட்டிருக்காங்க, இப்பதான் பாத்தேன். நமக்குத்தாண்ணே. நமக்குக் கிடைச்சிருச்சு."

பெர்னார்டுக்குக் கேட்டது. புரியவில்லை. "நம்ம லோரிய நிறுத்தினோமே."

"அதுக்குத்தாண்ணே கொடுத்தாங்க. விடிஞ்சும் விடியாம புவானுக்கே போன் போட்டு எழுப்பிட்டேன். மத்த மூணு கம்பெனியும் அழகா கேட்டாங்களாம், அழகா பதில் வந்துச்சாம், லோரியும் அழகா போயிடுச்சாம். நம்மகிட்ட மட்டுந்தான் நிக்க வேண்டிய சாமான் நின்னுச்சாம். மாமா சொன்னத அப்படியே கமிட்டில படிச்சுக் காட்டினாங்களாம்."

அவன் அழுதான். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதான். தோளில் தூங்கிய ஆள் திடுக்கிட்டு எழுந்து, யாராவது செத்துட்டாங்களா என்று மலாயில் கேட்டான். இல்லை, வேலை கிடைத்துவிட்டது என்றான் பெர்னார்ட். வேலைக்குத்தானே போய்க்கொண்டிருக்கிறாய் என்று அந்த ஆள் குழம்பிப் போய் மறுபடி தூங்கிவிட்டான்.

பாலத்தில் திரும்ப முடியாது. கிடைத்த சந்தோஷத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக சிங்கப்பூருக்கே போகவேண்டியிருந்தது. பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவில் வரிசையில் நின்று உள்ளே போனான். அங்கே நின்றபடியே மிஸ்டர் தியோவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். சேர்ந்த நாளே விலகிய ஆள் நீதான் என்றார் அவர், பிறகு கொஞ்சம் சிரித்தார். பெர்னார்ட் அப்படியே அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி வரிசையில் நின்று, வெளியே வந்து, எதிர்த் திசை பஸ்ஸில் ஏறினான். எதிர்த் திசையில் ஜாம் இல்லை. அது இவ்வளவு குட்டிப் பாலம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டு வாசலில் வெயில் விழுந்திருந்தது. கம்பிக் கதவைத் திறந்தது ஜெரால்டின். தலையில் ஈரத் துண்டு, கண் முழுசாகத் திறந்திருந்தது.

"அப்பா, பாஸ்போர்ட்ட மறந்துட்டீங்களா?"

அந்த வீட்டில், அந்த ஊரில், காலையில் திரும்பி வரும் அப்பாவுக்கு வேறு காரணம் இருக்க முடியாது. பதிலுக்குக்கூட நிற்காமல் அவள் உள்ளே ஓடினாள். "அம்மா, அப்பா பாஸ்போர்ட்ட விட்டுட்டுப் போயிட்டாரு." ஐலீன் சமையலறையிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள். ஒருத்தி டிவி இழுப்பறையைக் கொட்டினாள். இன்னொருத்தி சோபா மெத்தையைத் தூக்கினாள். பெர்னார்ட் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இருக்குல்ல. அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்றாள் ஐலீன்.

"இனிமே இங்கதான் வேல. தெப்ராவ்ல."

ஐலீன் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மெத்தை இல்லாத சோபா, பலகை நறுக்கென்று குத்தியிருக்கும், அவள் கவனிக்கவில்லை. முந்தானை இல்லாத நைட்டியில் கண்ணைத் துடைக்க இடம் தேடினாள். ஜெரால்டின் மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப தினமும் காலையில வீட்ல இருப்பீங்களா?"

"இருப்பேன்."

அவள் யோசித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது மாதிரி கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள். "காலையில நீங்க என்ன சாப்பிடுவீங்க, அப்பா?"

அவளுக்குத் தெரியாது. அவள் காலையில் என்ன சாப்பிடுவாள் என்று அவனுக்கும் தெரியாது.

"நீ என்ன சாப்பிடுவ?"

"மைலோவும் பிஸ்கட்டும்."

"எனக்கும் அதேதான்," என்று சொல்லி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.